மரமா, இரும்பா? வீடு கட்டுவோர் கேள்வி பதில்

போன இதழில், வீடு கட்டுவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். அஸ்திவாரம், தண்ணீர்த் தொட்டி, பட்டி பார்ப்பது என்று பலதும் வந்தன. ஆனால் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: மரம் போடுவதா, இரும்பு போடுவதா? அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவை அடுத்த இதழில்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டுகிறோம். பேஸ்மட்டம் முடிந்துவிட்டது, அடுத்து நிலை வைக்க வேண்டும். தேக்கு நிலைக்கும் கதவுக்கும் ஆசாரி சொன்ன தொகையைக் கேட்டு மகன், எல்லாவற்றையும் ஸ்டீலில் போட்டுவிடலாம் என்கிறான். என் அம்மாவோ மர நிலை இல்லாமல் பூஜை எப்படி என்று கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் ஆசாரி சொன்ன தொகை சரியா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. மரத்தைக் கன அடியில் விற்கிறார்கள். ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம் உள்ள வாசலுக்கு 5க்கு 3 அங்குலச் சட்டத்தில் நிலை என்றால், இரண்டு கால்கள் 14 அடி, மேலேயும் கீழேயும் குறுக்குச் சட்டம் 7 அடி, ஆக 21 அடி. ஐந்தை மூன்றால் பெருக்கி 144ஆல் வகுத்து, 21ஆல் பெருக்கினால் 2.19 கன அடி வரும். கதவு முழுவதும் ஒன்றரை அங்குலப் பலகை என்று வைத்தாலும் 3.06 கன அடிதான். சேதாரம் சேர்த்தாலும் ஆறு கன அடிக்குள் அடங்க வேண்டும். அதை உங்கள் ஊர் மரக்கடை விலையால் பெருக்கிப் பாருங்கள், கூலி தனி. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கடையில் அளப்பது அறுத்த அளவை. இழைத்து முடித்தால் 5க்கு 3 என்பது நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால்தான் நிற்கும். அது ஏமாற்று இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான்.

கணக்கு முடிந்ததும் முடிவு சுலபமாகிவிடும். தலைவாசல் ஒன்றுக்கு மட்டும் நல்ல மரம் போடுங்கள். அம்மாவின் மனசுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தலைவாசல் நாற்பது ஐம்பது வருஷம் உழைக்க வேண்டிய இடம். இத்தனை வருஷத்தில் சுவர் கொஞ்சம் இறங்கும், தரை ஓடு மாற்றுவீர்கள், பூட்டு மாற்றுவீர்கள். மரக் கதவென்றால் தச்சர் வந்து அரை மணி நேரம் இழைத்துவிட்டுப் போவார், பழைய பூட்டின் ஓட்டையை ஒரு துண்டு மரம் வைத்து அடைப்பார். ஸ்டீல் கதவு நசுங்கினாலோ கீல் இருக்கும் இடத்தில் தகடு கிழிந்தாலோ பெரும்பாலும் கதவையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

தேக்கு என்று எழுதிக் கொடுத்த எல்லாமே ஒன்றல்ல. வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ச் சத்துகளைக் கரையான் விரும்பாது. ஆனால் அதே மரத்தின் ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் பகுதிக்கு அந்தச் சக்தி கிடையாது, பூச்சி அங்கேதான் முதலில் ஏறும். பாலீஷ் போட்ட பிறகு இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும் என்பதால், இழைத்த அன்றே, வண்ணம் ஏறுவதற்கு முன்னால் போய் நாலு பக்கமும் புரட்டிப் பாருங்கள். ஒரு விளிம்பில் வெள்ளைப் பட்டை ஓடினால் அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் நிலைக்கு வேங்கை மரமோ கோங்கு மரமோ போட்டு, கதவை மட்டும் தேக்கில் செய்யலாம், தப்பே இல்லை.

அடுத்தது ஈரம். சரியாகக் காயாத மரத்தில் கதவு செய்தால் பங்குனி வெயிலில் இடுக்கு விழும், ஐப்பசி மழையில் இறுகிக்கொண்டு திறக்காது. மரம் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது, அகலவாட்டில்தான் சுருங்கும், விரியும். அதனால்தான் விஷயம் தெரிந்த தச்சர் நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) செருகி, பசை போடாமல் விடுவார். பலகை உள்ளுக்குள்ளேயே அசைந்துகொள்ளும். பசை போட்டு இறுக்கிய பலகை நாலைந்து வருஷத்தில் நடுவில் கீறல் விடுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்வதை நிலை வைக்கும் நாளில் மறக்காதீர்கள். மரமோ இரும்போ, வாசக்கால் கெடுவது பெரும்பாலும் தரையை ஒட்டிய நாலு விரற்கடையில்தான். வீடு கழுவும் தண்ணீர், கோலத்துக்குத் தெளிக்கும் தண்ணீர், மாப் போடும் ஈரம் எல்லாம் அங்கேதான் தேங்கும். மரத்தை வெட்டிய முனை, அதாவது காலின் அடி, உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். பூஜை நடக்கும் முன்பே அந்த அடிமுனையிலும், சுவரோடு சேரும் பின்பக்கத்திலும் பிரைமரோ தாரோ இரண்டு கை பூசிவிடுங்கள். கால் தரையில் நேராக உட்காராமல், கொஞ்சம் உயர்ந்த கருங்கல்லின் மேல் நிற்கும்படி செய்யுங்கள். ஐம்பது வருஷம் ஆன ஒரு வீட்டு நிலையை ஒருமுறை கழற்றினோம். மேலே ஆறரை அடி மணி போல இருந்தது, தட்டினால் கணீர் என்றது. கீழே நாலு அங்குலம் கையால் கிள்ளினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. அந்தக் கொஞ்சத்துக்காக முழு நிலையும் போயிற்று.

உள் அறைகளுக்கு ஃப்ளஷ் கதவு, அதாவது இரண்டு பக்கமும் ஒட்டுப்பலகை ஒட்டிய வழவழப்பான கதவு போதும். குளியலறைக்கு மரமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம், பிளாஸ்டிக் வகைக் கதவு போட்டுவிடுங்கள். ஜன்னலுக்கும் பின்வாசலுக்கும் மகன் சொல்கிறபடி ஸ்டீல் போடலாம். அப்படி வாங்கும்போது "கெட்டியான கதவு" என்ற பேச்சோடு விடாமல் தகட்டின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், துத்தநாகம் பூசிய தகடா, உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்டீல் நிலைக்குப் பின்னால் உள்ள இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். காலியாக விட்டால் அதுவே கரையானுக்கு ராஜபாட்டை. கரையான் இரும்பைத் தின்னாது, ஆனால் இரும்புக்குப் பின்னால் மண்குழாய் கட்டி மேலே ஏறி உங்கள் அலமாரியைத் தின்னும்.

வாசல் மேற்குப் பார்த்தது என்றால் ஸ்டீல் கதவை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரும்பு வெப்பத்தைக் கடத்துவது மரத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. மாலை நாலு மணிக்குக் கைப்பிடியைத் தொட்டால் தெரியும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. இரும்பு ஜன்னல் ஐந்தே வருஷத்தில் துருப்பிடித்துவிட்டது, இத்தனைக்கும் இரண்டு முறை பெயிண்ட் அடித்தோம். துருவே பிடிக்காது என்று சொல்லி வாங்கிய ஸ்டெயின்லெஸ் கிரில்லிலும் பழுப்புப் புள்ளிகள். இனி எல்லாம் மரத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம் அம்மா. கடலோரத்தில் நான் மரத்தின் பக்கம்தான். உப்புக்காற்று மரத்தை ஒன்றும் செய்வதில்லை, தலைமுறை தலைமுறையாக உங்கள் ஊரில் கடலுக்குப் போன படகுகளும் கட்டுமரங்களும் மரம்தானே.

ஆனால் மரத்தில் அடிக்கும் ஆணியும் கீலும் திருகும் சாதாரண இரும்பாக இருந்தால் பழைய கதையே திரும்ப வரும். ஆணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கும், பிடிப்பு தளரும், மழைக்காலத்தில் ஜன்னல் தொங்கும். கடலோரப் பழைய வீடுகளில் கீல், கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் பித்தளையில் இருப்பதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், அது அனுபவம். இன்றைக்கும் பித்தளையோ நல்ல ரக ஸ்டெயின்லெஸ் திருகோ போடுங்கள்.

பெயிண்ட் ஏன் நிற்கவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் துருவின் மேலேயே அடித்திருப்பார்கள். இரும்பு துருவாக மாறும்போது கன அளவு சில மடங்கு பெருகும். அந்தப் பெருக்கம் மேலே இருக்கும் பெயிண்டை அப்பளம் மாதிரி உப்பித் தூக்கிவிடும். உப்பிய இடத்துக்குள் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உங்கள் ஜன்னலில் எந்த இடத்தில் துரு ஆரம்பித்தது என்று பாருங்கள். கீழ்ச்சட்டமும் வெல்டிங் செய்த மூலைகளும்தான் என்று பந்தயமே கட்டலாம். துத்தநாகம் பூசிய கம்பியாக இருந்தாலும் வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்டைத் தனியாகப் பூச வேண்டும், பல பட்டறைகளில் அதைச் செய்யாமல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து மூடிவிடுகிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் விஷயத்துக்கு வருவோம். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், நல்ல ஸ்டீல் என்பார்கள். அது பாதி உண்மை. 202 என்ற ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304லும் ஒட்டாது, 316லும் ஒட்டாது. மூன்றும் ஒன்றா? 202இல் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், கடலோரத்தில் அது சீக்கிரம் கறைபடும். 304 அதைவிட மேல். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும் சக்தி அதற்குத்தான் அதிகம். உங்களுக்கு வந்தது எந்த ரகம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் அடுத்த முறை ரகத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். இப்போது இருக்கும் கிரில்லை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். மாதம் இரண்டு முறை நல்ல தண்ணீரால் கழுவித் துணியால் துடையுங்கள். உப்பு தங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தென்காசிப் பக்கத்து ஒரு வாசகர்: பாட்டி காலத்து ஓட்டு வீடு. ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளான கைமரங்களில் நாலைந்து உளுத்துவிட்டன. காண்ட்ராக்டர், மொத்தத்தையும் பிரித்துவிட்டு இரும்புக் குழாயில் கூரை போட்டு மேலே தகர ஷீட் போடலாம், செலவு குறைவு என்கிறார். மனசு வரவில்லை.

பதில்: உங்களுக்கு மனசு வராதது சரிதான் தம்பி, காரணமும் இருக்கிறது. நாலு கைமரம் உளுத்தால் நாற்பதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். ஒவ்வொரு கைமரமும் சுவருக்குள் நுழையும் முனையிலும், ஓடு உடைந்து ஒழுகிய இடத்துக்கு நேர் கீழேயும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் போகவில்லை என்றால் மரம் நன்றாக இருக்கிறது. மெத்தென்று உள்ளே போனால் சாக்கட்டியால் குறியிடுங்கள். குறி போட்டதை மட்டும் மாற்றினால் போதும். முனை மட்டும் போயிருந்தால் கெட்டதை அறுத்துவிட்டு, பக்கத்தில் புதுக் கட்டை வைத்து போல்ட் போட்டுத் தாங்கலாம். பனங்கை, அதாவது பனைமரக் கைமரம் போட்ட வீடாக இருந்தால் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையா என்று பாருங்கள், அது இரும்புக்குச் சமமாக நிற்கும், இளம் பனை நிற்காது.

உங்கள் ஊரிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை தூரமில்லை, தக்கலைக்குப் பக்கம்தான், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, மரக்கூரைகள் இன்னும் நிற்கின்றன, அதுவும் அவ்வளவு மழை பெய்யும் ஊரில். அண்ணாந்து கூரையைக் கவனியுங்கள். சரிவு செங்குத்து, தாழ்வாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீள்கிறது, இடுக்குகள் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நனைந்தாலும் மரம் உடனே காய்ந்துவிடுகிறது. மரத்தைக் கெடுப்பது மழை இல்லை, காயாமல் தங்குகிற ஈரம். அதனால் உங்கள் வீட்டில் முதல் வேலை உடைந்த ஓடுகளை மாற்றுவது, கைமரம் இரண்டாவதுதான்.

சரி, இரும்புக் குழாயே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. குழாய் போட்டு அதே ஓடுகளை மேலே வேய்வது நல்ல வழி, நானே பல வீட்டில் செய்திருக்கிறேன். குழாயின் இரண்டு முனையையும் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடச் சொல்லுங்கள். திறந்த குழாய்க்குள் ஈரம் புகுந்து உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது ஓட்டையே விழுந்திருக்கும். நான் எதிர்ப்பது ஓடுகளை எடுத்துவிட்டு வெறும் ஷீட் போடுவதைத்தான். அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு நாலு கிலோதான் இருக்கும். சீமை ஓடு அதே இடத்துக்குப் பதினைந்து ஓடு வாக்கில் பிடிக்கும், ஏறத்தாழ அதைப் போலப் பத்து மடங்கு கனம். கனம் குறைவென்றால் லாபம்தானே என்று தோன்றும், ஆனால் காற்று கூரையை அழுத்துவதோடு நிற்காது, மேலே இழுக்கவும் செய்யும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தகரக் கூரைகள் எத்தனை பறந்தன என்பதை டெல்டாக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஷீட்தான் என்று முடிவாகிவிட்டால், ஓரத்திலும் மூலையிலும் திருகுகளை நெருக்கமாகப் போட்டு, குழாயைச் சுவருக்குள் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டோடு கட்டுங்கள். வெயில், மழைச் சத்தம் இரண்டையும் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: மரம் எரியும், இரும்பு எரியாது. தீ விபத்தை நினைத்தால் இரும்புதானே பாதுகாப்பு?

பதில்: எரியாது, ஆனால் தளரும். 550, 600 டிகிரிக்குப் போனால் இரும்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரிய வீட்டுத் தீயில் அந்தச் சூடு சாதாரணம். கனமான மர உத்திரம் எரியும்போது மேலே கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடும். நிமிஷத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் வாக்கில்தான் தீ உள்ளே இறங்கும். அரை மணி நேரத்தில் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் போகும், பருத்த உத்திரம் அதற்கும் தாங்கும். மெல்லிய பலகைகளுக்கும் ரீப்பர்களுக்கும் இது பொருந்தாது, அவை சட்டென்று பிடித்துக்கொள்ளும். எப்படியிருந்தாலும் நம் வீடுகளில் கவலைப்பட வேண்டியது சிலிண்டர் ட்யூபும் பழைய வயரிங்கும்தான், அதை முதலில் மாற்றுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: ஸ்டீல் கதவில் ஷாக் அடிக்குமா?

பதில்: கதவால் அடிக்காது, உரிந்த வயர் அதைத் தொட்டால் அடிக்கும். காலிங் பெல், வாசல் விளக்கு வயர்களை ஸ்டீல் நிலையின் ஓட்டை வழியாக இழுக்கும்போது ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி வயரைக் கீறும், அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா பாருங்கள், அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். தகரக் கூரை வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை அம்மா, மழைக்காலத்துக்கு முன் கட்டாயம் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மரத்தை வெட்டிக் கதவு செய்வது பாவம் இல்லையா? இயற்கைக்கு இரும்புதானே நல்லது?

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். ஆனால் கணக்கு வேறு மாதிரி வரும். மரம் காற்றிலிருந்து எடுத்த கரியை (கார்பனை) தன் உடம்பில் வைத்திருக்கிறது, காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரிதான். கதவாக இருக்கும் வரை அது அங்கேயே இருக்கும். இரும்பைத் தாதுவிலிருந்து எடுத்துச் செய்தால் ஒரு டன்னுக்கு இரண்டு டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியே போகும், பழைய இரும்பை உருக்கிச் செய்தால் குறையும். புதுக்கோட்டை வாசகரின் ஆயிரம் சதுர அடி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவாசல் நிலையும் கதவும் சேர்த்து நூறு கிலோ மரம். கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியோ சதுர அடிக்கு மூன்றரை, நாலு கிலோ என்று வைத்தால் நாலு டன் வரை வரும். கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்க வேண்டியது தேவையில்லாமல் தடித்த பீம்களிலும் அலங்காரத்துக்குப் போடும் கான்கிரீட்டிலும்தான்.

எங்கிருந்து வந்த மரம் என்பது அதைவிட முக்கியம். காட்டில் திருடி வெட்டிய மரம் என்றால் நீங்கள் சொல்வதேதான். நட்டு வளர்த்த தோட்டத் தேக்கு அப்படியில்லை, நிலம்பூரில் 1840களிலேயே தேக்கு நட ஆரம்பித்துவிட்டார்கள். ரசீது இல்லாத மரத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. இடித்த வீட்டு மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, ஜன்னல் எல்லாம் கிடைக்கும், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பர்மா தேக்கும் அதில் இருக்கும். எத்தனையோ வருஷம் காய்ந்த மரம் என்பதால் சுருங்குமோ முறுக்குமோ என்ற பயம் அதிகம் வேண்டாம். வாங்கும்போது உளுத்த ஓட்டை புதிதா பழையதா என்று பாருங்கள். ஓட்டைக்குக் கீழே வெளிர் நிறத்தில் புதுப்பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தச்சரிடம் கொடுக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். தலை உடைந்து உள்ளே புதைந்த பழைய ஆணி ஒன்று இருந்தாலும் இழைப்புளியின் வாய் போய்விடும், மெஷினில் விட்டால் ஆளுக்கே ஆபத்து. காந்தம் இழுக்கும் இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.